நின்றுபோன ஊறல்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை முதுகலை வகுப்பில் நாம் பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. அரிசிக் கள் சமைக்கும் முறையைச் சொல்லும் பகுதி ஒன்று அதில் உண்டு. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் இட்டு நன்கு ஆறவைத்து, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முதிரச் செய்து பிழிந்தெடுக்கும் முறை. அப்பகுதி வரும்போது மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வர். நாமும் உடன் சிரித்துவிட்டு, நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் எனக் கள்ளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "ஏன் ஐயா, ஆறவைத்த பிறகுதான் அடையைக் கலக்க வேண்டுமா?" என்று கேட்டாள். "சூட்டில் நொதி இறந்துவிடும் அம்மா" என்றோம். ஒரு வரி விடைக்கு அது போதுமானது. ஆனால் அவ்விடையை நாம் எந்த உரையாசிரியரிடமிருந்தும் கற்கவில்லை. எங்கிருந்து கற்றோம் என்பதை அன்று வகுப்பில் சொல்லவில்லை. அதற்கு முன்பும் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு சொல்ல நேர்ந்தது, ஊரிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், தங்கை வீட்டுக் கராஜில் நின்றுபோன ஊறல் ஒன்றின் முன்னால். அதைத்தான் இங்கே எழுதத் துணிகிறோம்.

*

நம் தங்கை நியூசிலாந்தின் வடதீவில் பாமர்ஸ்டன் நார்த் என்னும் நகரில் வாழ்கிறாள். நம்மினும் பத்து வயது இளையவள். அவள் கணவர் அங்கே பால்பொருள் ஆலையொன்றில் பொறியாளர். 2023ஆம் ஆண்டு மே மாதக் கோடை விடுமுறையில் நாமும் துணைவியாரும் அங்குச் சென்றிருந்தோம். நமக்குக் கோடை, அவர்களுக்கோ இலையுதிர்காலத்தின் இறுதி. விடியலில் புல்வெளியெங்கும் பனி படிந்திருக்கும். பகலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மனம் வராது.

சென்ற மூன்றாம் நாள், பழைய பெட்டியொன்றை எடுப்பதற்காகக் கராஜின் கதவைத் திறந்தோம். திறந்த மாத்திரத்தில் முகத்தில் அறைந்தது ஒரு வாடை. இனிப்பும் புளிப்பும் கலந்த, ஈரமாவு போன்ற, தொண்டையின் பின்புறத்தில் சென்று தங்கும் வாடை. இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் முகராதது. ஆயினும் அடையாளம் காண ஒரு நொடியும் தேவைப்படவில்லை.

மூலையில் வெண்ணிற நெகிழிப் பீப்பாய் ஒன்று இருந்தது. அதன் மூடியில் நீர் நிரம்பிய சிறு கண்ணாடிக் குழாய். பக்கத்து மேசையில் பளபளக்கும் செப்புக் குழாயும் எஃகுக் கொதிகலனும்.

மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். "மச்சான், பயந்துடாதீங்க. இங்க இது சட்டப்படி சரிதான்" என்று சிரித்தார். உண்மைதான். 1996ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் வழியே அந்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் மது காய்ச்சுவதற்கு இசைவு வழங்கப்பட்டது. பிறருக்கு விற்றால்தான் குற்றம். காய்ச்சும் கருவிகளைக் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள். தோட்ட வேலை செய்பவர் மண்வெட்டி வாங்குவதுபோல மக்கள் வாங்கிச் செல்கிறார்கள். மாப்பிள்ளை மிகுதியாகக் குடிப்பவரல்லர். பொறியாளர்க்கே உரிய ஆர்வத்தில் இவ்வேலையில் இறங்கியிருக்கிறார். இது அவருடைய மூன்றாம் முயற்சி.

"நல்லது மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம். நம் முகம் மாறியதை அவர் கவனித்திருக்க வேண்டும். மது வெறுப்புடைய தமிழாசிரியர் என்று எண்ணிக்கொண்டிருப்பார். அப்படி எண்ணுவது நமக்கும் வசதியாகவே இருந்தது.

*

மே மாதத்தின் நடுவில் ஊரிலிருந்து அச்செய்தி வந்தது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தங்கை கைப்பேசியில் படித்துக்கொண்டே வந்தவள், படிப்பதை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "முதல்ல கராஜில இருக்கறத கொண்டுபோய் கொட்டுங்க" என்றாள்.

மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை. "கொட்டத்தான் போறேன். அதுவும் செத்துப்போச்சு. அஞ்சு நாளா மூச்சே காட்டல" என்றார்.

இரண்டு செய்திகளும் நம்முள் ஒன்றோடொன்று மோதின. முதலாவதற்கு விடையளிப்பது எளிது. அவ்வூர்களில் உயிரைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்குரிய அந்நச்சைக் குறுக்குவழியில் காசு பார்க்கச் சாராயமாக்கி விற்றனர். உடலுக்குள் அது முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறிக் கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் குடிக்கும். பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் சிறிது பிறக்கலாம். வெறும் சர்க்கரையும் நீரும் ஈஸ்டும் சேர்ந்த ஊறலில் அது பிறப்பதற்கு ஏறக்குறைய வழியே இல்லை. இதைத் தங்கைக்கு எடுத்துச் சொன்னோம். அவள் அரைமனத்தோடு கேட்டாள்.

இரண்டாவது செய்திதான் நம்மை இருக்கவிடவில்லை. 'செத்துப்போச்சு' என்றாரே, அச்சொல். நம் தந்தையார் அதை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. "ஊறல் சாவாதுடா. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கும். என்ன கோவம்னு நாமதான் கேக்கணும்" என்பார்.

"கொட்ட வேண்டாம் மாப்பிள்ளை. வாங்க, ஒருமுறை பார்ப்போம்" என்று எழுந்தோம். மூவரும் நம்மைத் திரும்பிப் பார்த்தனர்.

*

நின்றுபோன ஊறலின் முன்னால் அவசரக்காரர்கள் செய்யும் முதற்பிழை, எதையாவது உள்ளே போடுவது. மாப்பிள்ளையும் அதையே செய்திருந்தார். மூன்று நாள் முன்பு இன்னொரு பொட்டலம் ஈஸ்டைப் பிரித்து அப்படியே மேலே தூவியிருந்தார். அது அடங்கிப் போய் அடியில் படிந்திருந்தது. முதலில் செய்ய வேண்டுவது அளப்பது. உண்மையிலேயே நின்றுவிட்டதா, அல்லது முடிந்துவிட்டதா என்று அறிய வேண்டும். குமிழிக் குழாய் அசையவில்லை என்பது சான்றாகாது. மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வளி அவ்வழியே போய்விடும்.

ஹைட்ரோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டோம். கொண்டுவந்தார். கண்ணாடி மிதவை அது. சர்க்கரை மிகுந்த நீரில் உயர்ந்து நிற்கும், சர்க்கரை கரைந்து சாராயமாக மாற மாறத் தாழ்ந்துகொண்டே போகும். தண்ணீரின் அளவு 1.000. சாராயம் தண்ணீரினும் இலேசானது ஆதலால், முற்றிய சர்க்கரை ஊறல் 1.000க்கும் கீழே, 0.990ஐ ஒட்டி நிற்க வேண்டும். மாப்பிள்ளை தொடக்கத்தில் குறித்துவைத்திருந்த அளவு 1.120. இப்போது 1.060. பாதி வழியில் நின்றிருக்கிறது. விரல்நுனியில் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தோம். பாகுபோல் இனித்தது. நம் தந்தையாரிடம் இருந்த ஹைட்ரோமீட்டர் அதுதான். இனித்தால் வேலை மிச்சம் இருக்கிறது. இனிப்பு முற்றும் போய்ப் புளிப்பும் கசப்பும் தட்டினால் காய்ச்சலாம்.

பிறகு பீப்பாயின் பக்கவாட்டில் காதை வைத்தோம். நம்மையறியாமல் செய்த செயல் அது. ஒலி ஏதுமில்லை.

எத்தனை கிலோ சர்க்கரை என்று கேட்டோம். மொத்தம் 25 லிட்டர் ஊறலுக்கு 8 கிலோ. முதல் இரண்டு முறை 6 கிலோதான் போட்டாராம். இம்முறை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கட்டுமே என்று ஏற்றியிருக்கிறார். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு விழுக்காடு சாராயத்தைத் தரும். அக்கணக்கில் 8 கிலோ முழுவதும் மாறினால் 18 விழுக்காட்டுக்கும் மேலே போக வேண்டும். ரொட்டிக்கு இடும் ஈஸ்ட் 12, 14 விழுக்காட்டுக்கு மேல் தாங்காது. தான் ஆக்கிய சாராயத்திலேயே மயங்கிவிடும். தவிரவும், ஊறுகாயில் உப்பு நீரை உறிஞ்சுவதுபோல அடர்ந்த சர்க்கரை ஈஸ்டின் உடல்நீரை உறிஞ்சிவிடுகிறது. தொடக்கத்திலேயே அது சோர்ந்துதான் வேலையை ஏற்றிருக்கும்.

பீப்பாயில் ஒட்டியிருந்த வெப்பத்தாளைப் பார்த்தோம். 14 பாகை. ஈஸ்ட் மகிழ்ந்து வேலை செய்வது 25 முதல் 30 பாகைக்குள். 35ஐத் தாண்டித் தொடர்ந்து காய்ந்தால் கெடும். குளிர்ந்தால் கெடாது, உறங்கிவிடும். ஊறல் தொடங்கிய நாள்களில் தன் வேலையின் சூட்டிலேயே கதகதப்பாக இருந்திருக்கும். வேகம் தளர்ந்ததும் கராஜின் குளிர் உள்ளே ஏறிவிட்டது.

அடுத்து உணவு. இவ்விடத்தில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. சர்க்கரைதானே ஈஸ்டின் உணவு, அது இருக்கையில் வேறு என்ன வேண்டும் என்பர். வெள்ளைச் சர்க்கரை விறகு போன்றது. எரிக்கலாம், அதைக் கொண்டு உடம்பை வளர்க்க முடியாது. உடம்பு வளரத் தழைச்சத்து வேண்டும், உப்புகள் வேண்டும். பழச்சாற்றிலும் தானியக் களியிலும் அவை இயல்பாகவே உண்டு. வெல்லத்திலும் ஓரளவு உண்டு. ஆலையில் வெளுத்தெடுத்த சர்க்கரையில் அறவே இல்லை. ஊர்ப்புறத்தில் காய்ச்சுவோர் ஊறலில் நவச்சாரம் போடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'போதை ஏறப் போடுகிறார்கள்' என்று ஊரில் சொல்வார்கள். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. அதிலுள்ள தழைச்சத்து ஈஸ்டுக்குத் தீனி. மாப்பிள்ளையிடம் இதற்கென உணவுத்தரத்தில் விற்கும் டி.ஏ.பி. இருந்தது. நம் உழவர்கள் வயலுக்கு இடும் அதே டை அம்மோனியம் பாஸ்பேட்தான், ஆனால் தூய்மை செய்யப்பட்டது. பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

கடைசியாகப் புளிப்பு. பி.எச். தாளைத் தோய்த்தபோது அளவு 3க்கும் சற்றுக் கீழே காட்டியது. ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய ஊறல் புளித்துக்கொண்டே போகும். தானியக் களியில் அப்புளிப்பைத் தாங்கிக்கொள்ளும் பொருள்கள் உண்டு. சர்க்கரை நீரில் தடுப்பார் இல்லை. 3க்குக் கீழே இறங்கினால் ஈஸ்ட் கையைக் கட்டிக்கொள்ளும்.

ஆக, கோபத்துக்குக் காரணம் ஒன்றல்ல, நான்கு: பேராசை, குளிர், பட்டினி, புளிப்பு. இந்நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதாகப் புது ஈஸ்டைத் தூவினால், பழையது படுத்த இடத்திலேயே புதியதும் படுக்கும்.

*

மருந்தும் அவ்வரிசையிலேயே. முதலில் பேராசை. இன்னொரு பீப்பாயைக் கழுவி, ஊறலை இரண்டாகப் பகிர்ந்து, இரண்டிலுமாக ஒன்பது லிட்டர் வெதுவெதுப்பான நீரைச் சேர்த்தோம். 8 கிலோவுக்கு 34 லிட்டர் என்றாயிற்று. முழுவதும் மாறினாலும் 14 விழுக்காட்டைத் தாண்டாது. ஏற்கெனவே விளைந்திருந்த சாராயமும் நீர்த்து ஈஸ்டுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

குளிருக்கு வழி சொன்னவள் தங்கை. அந்நாட்டு வீடுகள் பலவற்றில் வெந்நீர்க் கொதிகலன் ஓர் அலமாரிக்குள் இருக்கும். அதன் சூட்டில் துணிகளை உலர்த்துவர். தங்கை அங்கேதான் இட்லி மாவை வைத்துப் புளிக்கவைப்பாள். இல்லையேல் மே மாதத்தில் மாவு பொங்காது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒரு பீப்பா அங்க அடங்கும். என் மாவை இன்னைக்கு எடுத்துடறேன்" என்றாள். மற்றொன்றைக் கம்பளியால் சுற்றி, அடியில் மின்வெப்பப் பட்டையை வைத்தோம்.

புளிப்புக்குக் கோழிகளுக்கு இடும் சிப்பித்தூள். அண்டை வீட்டு மூதாட்டி ஒரு கிண்ணம் தந்தார். சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட். புளிப்பு இருக்கும் வரை கரையும், புளிப்புத் தணிந்ததும் கரைவதைக் குறைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு நீரை ஊற்றினால் அளவு மீறிவிடும் அபாயம் உண்டு. பட்டினிக்குச் சிறிது டி.ஏ.பி.; அத்துடன் இரண்டு கரண்டி ஈஸ்டை நீரில் கொதிக்கவைத்துச் சேர்த்தோம். இறந்த ஈஸ்டின் உடல், வாழும் ஈஸ்டுக்கு உணவாகும்.

இவ்வளவுக்கும் பிறகே புதிய ஈஸ்ட். அதையும் நேரே கொட்டவில்லை. வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் இட்டு நுரை எழும் வரை காத்திருந்து, நின்றுபோன ஊறலிலிருந்து ஒரு குவளை எடுத்து ஊற்றினோம். மீண்டும் நுரைத்ததும் இரண்டு குவளை. பிறகு நான்கு. புகுந்த வீட்டுக்குப் பழக்குவதுபோலப் பழக்கி, நள்ளிரவை ஒட்டி இரண்டு பீப்பாய்களிலும் பகிர்ந்தோம்.

மாப்பிள்ளைக்கு அந்நேரத்தில் லூயி பாஸ்டரின் கதையைச் சொன்னோம். 1856இல் பிரான்சின் லீல் நகரில், பீட்கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர் தம் தொட்டிகள் சில புளித்துக் கெடுவதாக அங்கிருந்த அறிவியல் பேராசிரியர் பாஸ்டரிடம் வந்து முறையிட்டார். பாஸ்டர் தொட்டிதோறும் சென்று சாற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை ஈஸ்டுகள். கெட்ட தொட்டியில் அவற்றினும் மிகச் சிறிய வேறு உயிர்கள். நொதித்தல் உயிர்களின் வேலை என்னும் கண்டுபிடிப்பு அவ்வழியே வளர்ந்தது. கெட்டுப்போன ஊறலொன்றைக் கொட்டாமல் உற்றுப் பார்த்ததில் தொடங்கிய அறிவியல் என்று அதைச் சொல்லலாம்.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாஸ்டர் சரி மச்சான். காதை வச்சுக் கேட்டீங்களே, அது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார்.

நாம் விடை சொல்லவில்லை. தங்கை நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் விடியலில் நாம் எழுந்து வந்தபோது, வெந்நீர் அலமாரியின் முன்னால் தங்கை தரையில் அமர்ந்திருந்தாள். பீப்பாயில் காது வைத்திருந்தாள். "தூரத்துல மழை பெய்யற மாதிரி இருக்குண்ணா" என்றாள்.

நம் தந்தையார் சொல்லும் அதே உவமை. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது. அவளருகே அமர்ந்து சொன்னோம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் நம் வீட்டுக்குப் பின்னால் ஓர் எருக்குழி இருந்தது. எருவின் சூட்டில் கழுத்தளவு புதைந்த பானைகள் ஆறு. வெல்லமும் வேலம்பட்டையும் நீரும். மார்கழிக் குளிரில் பானைகள் அடங்கிவிட்டால் வைக்கோலைப் போர்த்தி, ஒரு பிடி கிளிஞ்சல் ஓட்டைப் போட்டு, நன்றாகப் பொங்கும் பானையிலிருந்து ஒரு செம்பு எடுத்து ஊற்றுவார் அப்பா. பானைகளில் காது வைத்து 'எது பேசுது, எது பேசல' என்று சொல்வது சிறுவனாகிய நம் வேலை. பள்ளிக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டும். நாம் கல்லூரியில் சேர்ந்த 1996இலும் அடுத்த ஆண்டும் கட்டணம் அப்பானைகளிலிருந்துதான் வந்தது. 1998 கார்த்திகையில் ஒரு விடியற்காலை, காவலர்கள் வந்து கடப்பாரையால் பானைகளை உடைத்தனர். அப்பா மூன்று மாதம் சிறையில் இருந்தார். அப்போது ஒன்பது வயதுத் தங்கை நாற்பது கல் தொலைவில் பாட்டி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பதாக அவளிடம் சொன்னோம். அவர் வெளிவந்ததும் குடும்பம் ஊரை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்தது. 2011இல் அப்பாவும் 2020இல் அம்மாவும் காலமாகும் வரை அப்பொய் அப்படியே இருந்தது. அதன் பிறகு அதற்குக் காவலாக நாம் ஒருவர் மட்டுமே எஞ்சியிருந்தோம்.

தங்கை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதனாலதான் நம்ம வீட்ல மட்டும் சர்க்கரைப் பொங்கல் வெள்ளைச் சர்க்கரையிலயா?" என்று கேட்டாள்.

நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். அவ்விடியலுக்குப் பிறகு அம்மா வீட்டுக்குள் வெல்லம் வாங்கியதே இல்லை. நனைந்த வெல்லத்தின் வாடை அவருக்கு ஆகாது. அதன் காரணத்தை அம்மா சொன்னதில்லை, நாம் கேட்டதுமில்லை. தங்கை சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறாள். வெல்லம் உடம்புக்குச் சூடு என்று அம்மா சொல்லிவிடுவார்.

"அப்பா குடிப்பாரா?" என்பது அடுத்த வினா.

குடிக்க மாட்டார். விரல்நுனியால் தொட்டுச் சுவை பார்ப்பதோடு சரி.

"அப்ப வாங்கினவங்க?"

இவ்வினாவுக்கு விடையளிக்க நேரும் என்றே இத்தனை ஆண்டு வாய் திறக்காமல் இருந்தோம் போலும். வாங்கியவர்கள் குடித்தார்கள். அப்பாவின் சரக்கில் நஞ்சு இல்லை. யாரும் கண்ணிழக்கவில்லை, மாளவில்லை. அதை அவர் பெருமையாகவே சொல்வார். ஆனால் கூலி முழுவதையும் நம் வீட்டுக் கொல்லையில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. நம் வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தை அவர்களில் ஒருவர். அத்தோழன் கணக்கில் நம்மைக் காட்டிலும் கெட்டிக்காரன். பத்தாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போனான். அவன் நின்ற கட்டணத்தில் நாம் படித்தோம் என்று சொன்னால் அது கணக்கின்படி சரியாக இராது. முற்றிலும் தவறென்றும் சொல்ல இயலாது.

தங்கையிடம் இதையும் சொன்னோம். அவள் ஆறுதல் கூறவில்லை. அதற்காக நாம் அவளிடம் நன்றியுடையோம்.

*

ஒன்பதாம் நாள் ஹைட்ரோமீட்டர் 0.994 காட்டியது. இரண்டு நாள் விட்டுப் பார்த்தபோதும் அதே அளவு. இனிப்பு முற்றிலும் போயிருந்தது. வார இறுதியில் மாப்பிள்ளை கராஜின் கதவுகளை அகலத் திறந்துவைத்துக் காய்ச்சினார். முதலில் வடிந்த, கார நெடியுள்ள பகுதியை நீக்கினார். நடுப்பகுதியில் சிறிது கண்ணாடிக் குவளையில் எடுத்து நம்மிடம் நீட்டி, "நீங்க உயிர் கொடுத்ததுதானே மச்சான்" என்றார். விரல்நுனியால் தொட்டுச் சுவைத்துவிட்டுக் குவளையைத் திருப்பித் தந்தோம். நன்றாகவே இருந்தது. தங்கை அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நாம் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் இந்தியக் கடைக்குப் போய் வெல்லம் வாங்கிவந்து பொங்கல் வைத்தாள். அவளுக்குப் பழக்கமில்லாததால் பாகு சற்று முற்றிவிட்டது.

அடுத்த ஆண்டு, 2024 சூனில், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். நாம் பிறந்த மண் அது. மாப்பிள்ளை அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். "ஒரு வருஷத்துக்கு எதுவும் போடப் போறதில்ல மச்சான். தப்புன்னு இல்ல. மனசு வரல" என்றார். புரிகிறது என்றோம். சட்டம் இடம் தந்த நாட்டில், தமக்கு மட்டும் காய்ச்சிக்கொள்பவருக்கும் அந்நினைவு இருப்பது நல்லதே.

இவ்வாண்டு பெரும்பாணாற்றுப்படை வகுப்பில் அப்பகுதி வந்தபோது நாம் விரைந்து கடக்கவில்லை. களியை ஏன் ஆற்ற வேண்டும், நல்லடை என்று ஏன் முளையைச் சொல்கிறோம், முளை களியின் மாவை எவ்வாறு இனிப்பாக்கித் தருகிறது, ஏன் இரண்டு பகல் இரண்டு இரவு பொறுக்க வேண்டும் என்றெல்லாம் விரித்துச் சொன்னோம். பின்வரிசை மாணவர் ஒருவர், "ஐயா, இவ்வளவு விவரம் எப்படி?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. "என் அப்பா காய்ச்சினார்" என்றோம். சிரிப்பு நின்று, சற்று நேரம் கழித்து வேறு வினாக்கள் வந்தன. மலையடிவாரத்திலிருந்து வரும் மாணவர்கள் இருவர் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுதுவது முறையன்று.

எஞ்சியிருப்பது அத்தோழன். அவன் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறான். நம்மிடமிருந்து மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். இவ்விரண்டு ஆண்டில் இருமுறை புறப்பட்டுப் பேருந்து நிலையம் வரை சென்று திரும்பியிருக்கிறோம். போய் என்ன சொல்வது என்பது தெளியாமல் அங்கேயே நிற்கிறது. அப்பா சொன்னபடி அது கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறதே தவிர, செத்துவிடவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வரும் தைப் பொங்கலுக்குள் போய்வர வேண்டும்.